கோட்டிங்

ஆறுமுகநேரியில் ஏறிய இரண்டு பெண்கள் தூத்துக்குடி பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஆராய்ச்சி மாணவி போல; அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“நான் லேப்ல கோட்டிங் போடுதேன்னு எங்கம்மா சொல்லப்போயி, எனக்குக் கோட்டி புடிச்சிட்டுன்னு ஊர்ல ஆக்கிட்டாளுவோ.”

கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம்.

“எதுக்குளா கோட்டிங்?”

“டிவி ஸ்கிரீனுக்குள்ள லிக்விட் கிரிஸ்டல்னு ஒரு திரவம் இருக்கும்லா. அதுல கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளக் கலக்கணும். சும்மா போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிரும். திரவத்துக்கு ஒத்துப்போற பூச்சு மேல இருந்தாத்தான் பிரிஞ்சு நிக்கும். அந்தப் பூச்சக் கண்டுபிடிக்க அஞ்சு வருசமாச்சு.”

“கெடச்சிட்டா?”

“கெடச்சிட்டு. போன வாரம் ஜர்னல்லயும் வந்துட்டு. எங்க சார் பேரு, அவரு மருமவன் பேரு.”

“ஒம் பேரு?”

“கடைசிப் பக்கத்துல, சாம்பிள் எடுத்துக் குடுத்ததுக்கு நன்றின்னு.”

பஸ் பழையகாயல் உப்பளத்தைத் தாண்டியது.

“நேத்து அந்த மருமவன் போன் பண்ணுதான். பூச்சு எப்படிப் போடணும்னு கேக்கான்.”

“சொல்லிட்டியாளா?”

“சொல்லாம? என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது அவன் மாமனாருல்லா. ஊர்ல சொல்லுதது சரிதான்.”