மணிக்கட்டு திரும்ப மாட்டேங்குது

பந்துலதான் சார் கோளாறு! இல்லேன்னா நான் அடிச்ச அடி எப்படி நேரா ஃபேன்ல போய் முட்டும்? நீங்க இப்பத்தான் மாத்தலாகி வந்திருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாது. நம்ம ஆபீஸ் டேபிள் டென்னிஸ் டீம்ல இத்தன வருஷமா நான்தான்... அட ஒக்காருங்க, கடைசி கேமுக்கு இன்னும் நேரமிருக்கு. அம்பயர் டீ குடிக்கப் போயிருக்காரு.

இதுவும் போச்சுன்னா டீம்ல என் எடம் காலி. யாருக்குப் போகுது? அதோ, துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு இளிக்கிறானே, அவனுக்கு. என் மச்சினன் சார்! பொண்டாட்டியோட சொந்தத் தம்பி!

அவனுக்கு பேட் புடிக்கக் கத்துக் குடுத்தது யாரு? நான்! "டேய், தோள்லேருந்து வீசாத, துணியா தொவைக்கிற? புடிய லூசா வெச்சுக்க. பந்து படுற நேரம் பாத்து மணிக்கட்ட ஒரு சுண்டு சுண்டு, அது சுத்திக்கிட்டே போய் எதிராளிய ஏமாத்தும்"னேன். இப்ப என்னையே ஏமாத்துறான்! என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு!

என் மணிக்கட்டுக்கு என்னவா? வெறுங்கையில பாருங்க... எப்படிச் சுத்துது! டாக்டர்கிட்டயே காட்டிட்டேன். ஒண்ணுமில்லேன்னுட்டாரு. அவருக்கென்ன தெரியும், அவரு கேரம் ஆடுறவரு. பேட்டத் தொட்டா மட்டும் சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி நின்னுடுது. லைட்டும் சரியில்ல. தரையும் வழுக்குது. வீட்டுல வேற, "யாரு ஜெயிச்சா என்ன, கப்பு நம்ம வீட்டுக்குத்தான வரும்"ங்குறா. நம்ம வீடாம்!

இந்தாங்க, நீங்களே புடிச்சுப் பாருங்க. ஒசத்தி பேட்டு... என்ன, கைப்பிடியா? ஆமா, கொஞ்சம் தடிமன்தான். டேப் சுத்தியிருக்கேன். ஒரு ரோலு... சரி, ரெண்டு ரோலு. இவன் தெனமும் என் பேட்டையே எடுத்து ஆடிட்டிருந்தான் சார்! அவனுக்குச் சின்னக் கை. புடிக்க முடியாம பண்ணிட்டா தொடமாட்டான்ல? தொடவேயில்லையே! கோவிச்சுக்கிட்டுத் தனியா ரெண்டு பேட் வாங்கிட்டான், திமிரு. அன்னிலேருந்துதான் எனக்கு இந்த...

ஏன் சார் சிரிக்கிறீங்க? ஆமா, முஷ்டி கட்டி இறுக்கிப் புடிச்சாத்தான் நிக்குது. இறுக்கிப் புடிச்சா மணிக்கட்டு...

ஐயய்யோ.

கத்திரி இருக்கா சார்? ப்ளேடு? எங்க எந்திரிச்சுட்டீங்க? சார்! அட, அம்பயரும் வந்துட்டாரு. பிரியமாட்டேங்குதே இந்த எழவு, பசையா போட்டேன்? ...பசையும்தான் போட்டேன்.

மாப்ளே! இங்க வாயேன். பிரமாதமா ஆடுறடா, சத்தியமா. ஒங்கிட்ட ரெண்டாவது பேட்டு ஒண்ணு சும்மாதான கெடக்கு? இந்த ஒரு கேமுக்கு மட்டும்... என்னது? அதுலயும் டேப் சுத்திட்டியா?

யார்றா ஒனக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தது!