நீட்டின ‘ம்’

...ஒரு ‘சரி’யோட நிறுத்தியிருந்தா விட்டிருப்பேன்ல? ‘சரி சரி’ங்கிறான்மா! ரெண்டு சரி! உக்காரு உக்காரு, அந்த நாற்காலி லேசா ஆடும், கண்டுக்காத. நேத்து வேல கேட்டு வந்தவனச் சொல்றேன். ‘ஒம்போது மணிக்கெல்லாம் கடை தொறக்கணும் தம்பி’ன்னேன். ‘சரி சரி’. ஒரு சரின்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். ரெண்டு சரின்னா? வாய மூடுன்னு அர்த்தம்! மூக்குக்கு மேல கோவம் வந்துடுச்சு. போயிட்டு வாப்பான்னுட்டேன்.

இது எங்கக்கா கடைம்மா. நான் பாத்துக்கறேன், அவ்வளவுதான். அக்கா என்ன சொல்லிச்சு? ‘மூக்குக்கண்ணாடிக்கு ஸ்குரூ மாட்டுறதெல்லாம் அப்புறம் சொல்லிக் குடுத்துக்கலாம்டா, ஆளோட ஆட்டிட்யூடப் பாத்து எடு’ன்னுச்சு. பாக்கறேன்! பதினோரு நாளாப் பாக்கறேன்! ஏழு பேரு! ஒருத்தருக்காவது ஒழுங்காச் சரி சொல்லத் தெரியணுமே...

மொத நாள் ஒரு பொண்ணு. பத்து வருஷம் கண்ணாடிக் கடையிலயே இருந்தவ. ‘இங்க லீவு கம்மிம்மா’ன்னேன். ‘சரிதான்’னா. அந்தத் ‘தான்’ எங்கேந்து வந்துச்சு? நக்கல் இல்லாம ‘தான்’ வருமா? நீயே சொல்லு... வேணாம், சொல்லாத. அடுத்து ஒரு பெரியவரு, ‘பாக்கலாம் சார்’ன்னாரு. பாக்கலாம்னா மாட்டேன்னுதானே அர்த்தம்? என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்போ முக்காவாசிப் பேரு பாக்கலாம்னாங்க, ஒருத்தன் வந்தானா?

இன்னொருத்தன் வெறும் ‘ம்’. அதுல ரெண்டு வகை இருக்கு, கேட்டுக்க. சுருக்கமா ‘ம்’னா தங்கமான ஆளு. நீட்டி ‘ம்ம்ம்’னா, இந்தாளோட எவன் குப்ப கொட்டுறதுன்னு அர்த்தம். அவன் நீட்டினான்மா!

ஆளில்லாம கடை நாறுது. டீச்சரம்மா கண்ணாடிய டெய்லர்கிட்ட மாத்திக் குடுத்துட்டேன். அவரு ‘ஊசிக் காது இப்பத்தாங்க தெரியுது’ன்னு சந்தோஷமாப் போயிட்டாரு. டீச்சரம்மா, பசங்க ஒவ்வொருத்தனும் ரெண்டு ரெண்டாத் தெரியறான்னு சண்டைக்கு வந்துடுச்சு. இருக்கற ஒண்ணையே மேய்க்க முடியலையாம்! விஷயம் அக்கா காதுக்குப் போயிடுச்சு. இன்னிக்குள்ள ஆள் எடுக்கலன்னா என்னையே வீட்டுக்குப் போன்னுடுச்சும்மா. நாப்பத்தாறு வயசுல வேற எவன் எனக்கு வேல குடுப்பான்?

உன்ன எனக்குப் புடிச்சிருக்கு. வந்ததுலேருந்து வாயே தொறக்கல பாரு! அதான் ஆட்டிட்யூடு... இரு, அக்காதான்.

சொல்லுக்கா... ஆமாக்கா, எட்டாவது ஆளு, எதிர்லதான் உக்காந்திருக்கு... சேச்சே, தொரத்த மாட்டேன்க்கா... சரிக்கா... சரி... சரி சரி... அய்யய்யோ! இல்லக்கா! அது அந்தச் சரி சரி இல்லக்கா! இது வேற!

நீ ஏம்மா சிரிக்கிற? இந்தா, உன்கிட்ட பேசணுமாம். நான் உள்ள போகணுமாம். போறேன், போறேன்...

வச்சிடுச்சா? என்ன கேட்டுச்சு? நாளைலேருந்து உன்ன வரச் சொல்லிடுச்சா? அப்பாடா! பொழச்சேன்... அப்புறம்? என்னப் பத்தியா? ‘அந்த ஆளையும் வச்சுக்கலாமா’ன்னா? உன்கிட்டயா கேட்டுச்சு! நீ என்னம்மா சொன்ன?

‘ம்’முன்னியா?

ஏம்மா, பையத் தூக்காத... ஒரே ஒரு நிமிஷம்மா... சுருக்கிச் சொன்னியா, நீட்டிச் சொன்னியா?