இருபத்திரண்டு ஆண்டு வழுக்கையும் பாதியில் நின்ற சவரமும்

பேரன்புக்குரிய தலைவர் இஹ்சான் அவர்களே! கத்தரி பிடித்துக் கத்தரி பிடித்தே கை காய்த்துப்போன சமத்யா வட்டார முடிதிருத்துவோர் சங்கத்து மூத்தவர்களே! எங்கள் முடியையும் முறைப்பையும் முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் தாய்மார்களே! தொப்பிக்குள் தலையையும் தலைக்குள் கவலையையும் ஒளித்துவைத்துப் பின்வரிசையில் பதுங்கியிருக்கும் என் வழுக்கைச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும், நெஞ்சில் கைவைத்து, இந்த நெவ்சாத்தின் நிறைந்த வாழ்த்துகள்.

எலுமிச்சை மணக்கும் கொலோன் வாசனைநீர்ப் புட்டியோடு சங்கத்துத் தங்கைகள் இருவர் முதல் வரிசையில் தொடங்கிவிட்டார்கள். மணம் மேடை வரைக்கும் வருகிறது. நடக்கட்டும், நடக்கட்டும். விருந்தாளியின் உள்ளங்கையில் கொலோன் ஊற்றாமல் நம் ஊரில் எந்தக் கூட்டம் நடந்திருக்கிறது?

தலைவர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு தலையைப் பற்றியது. நெடுங்கால வழுக்கையில் மீண்டும் முடி முளைக்குமா? இதைப் பேச இந்த நகரத்தில் மருத்துவர்களா இல்லை? தெருவுக்குத் தெரு மருத்துவமனை. முடி நட்டுக்கொண்டு நெற்றியில் கறுப்புப் பட்டை கட்டிய வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரையெங்கும் கூட்டம் கூட்டமாக உலவுகிறார்கள். பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டார்கள்? இருபத்திரண்டு ஆண்டுகள் வழுக்கையாய் இருந்துகொண்டே பிறருக்கு முடி வெட்டியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்தத் தலைதான் இன்று இந்தத் தலை. பாருங்கள். நன்றாகப் பாருங்கள். என்ன? தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார் மீன்கடைக்காரர். பார்க்கலாம் ஐயா, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

வழுக்கை வந்தால் வருத்தம் எதற்கு என்று கேட்கிறவன் யார்? தலை நிறைய முடி வைத்திருப்பவன். அவன் கேட்பான். என் கதை வேறு. எனக்கு வழுக்கை வந்ததைவிட, அது வரும் என்று ஒருவர் சொன்னதுதான் வலித்தது.

சொல்கிறேன், கேளுங்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் திருமணம். மாப்பிள்ளைச் சவரம் எங்கள் அப்பாவின் கடையிலேயே நடந்தது. வாசலில் மேளம், உள்ளே நண்பர்களின் கைதட்டல், சுவரோரம் பெண்ணின் அண்ணன் தம்பிகள் வரிசையாக. கத்தி பிடித்தவர் என் சொந்த அண்ணன் ரிஃபத். வலது கன்னத்தை மழித்து முடித்தார். இடது கன்னத்துக்கு வருமுன் என் முடிக்குள் விரலை விட்டு ஒரு அளை அளைந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அஞ்சே வருஷம்தான்டா. அப்புறம் அப்பா மண்டை மாதிரி வழவழன்னு ஆயிடும். பொண்ணு வீட்டுக்காரங்க இப்பவே ஒரு தடவை நல்லா பாத்துக்குங்க.”

கடையே சிரித்தது. மேளக்காரர்கூடச் சிரித்தார். எனக்கு இருபத்தைந்து வயது, கண்ணாடி பார்த்தே காலம் கழித்த வயது. கன்னத்தில் நுரையோடு எழுந்து நின்று, “வெளிய போ” என்றேன். அண்ணன் கத்தியைத் துடைத்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். இடது கன்னத்தை நானே மழித்துக்கொண்டு மணமேடை ஏறினேன். அந்த இலையுதிர் காலத்தில் அவர் நாட்டை விட்டே ஸ்டுட்கார்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் இதே தொழில். அதன்பின் ஒரு சொல் இல்லை, ஒரு கடிதம் இல்லை, ஒரு பெருநாள் வாழ்த்து இல்லை.

வழுக்கை என்ன செய்தது? அண்ணன் பேச்சைத் தட்டாத பிள்ளையாக, சொன்ன ஐந்தாம் ஆண்டில் வந்து சேர்ந்தது.

அன்று தொடங்கி நான் தடவாத எண்ணெய் உண்டா? அரைக்காத பூண்டு உண்டா? கருஞ்சீரகம், காஞ்சொறி இலைச் சாறு, முட்டை மஞ்சள் கரு. என் தலையில் செய்த சமையலை வரிசையாக எழுதினால் ஓர் உணவு விடுதி நடத்தலாம். இதில் வெட்கக்கேடு ஒன்று. பலிக்காது என்று தெரிந்தும் அதே எண்ணெயை வாடிக்கையாளர்களுக்கும் சிபாரிசு செய்தேன். மன்னித்துவிடுங்கள். ஆமாம் தலைவரே, உங்களுக்கும்தான்.

இந்நிலையில்தான் போன ஆண்டு என் மகன் தொல்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. செப்டம்பரில் நாள் குறித்தார்கள். ஒரு மாலை என் மனைவி நெர்மின் காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “தொல்கா அவன் பெரியப்பாவுக்கு போன் போட்டுப் பேசிட்டான். அவரும் வர்றேன்னுட்டாரு.”

மகிழ்ச்சியா? இருந்தது, மறைக்க மாட்டேன். அதற்கும் மேலாக அச்சம். அண்ணன் வாசலில் நிற்பார். என் தலையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் கொடுமை. அவர் வருவதற்குள் என் தலையில் முடி இருந்தாக வேண்டும். மே மாதம் மருத்துவர் பெரிஹான் முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மையார் விளக்கைப் பிடித்து என் தலையைப் பார்த்துவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் பேசினார்:

“அண்ணே, இப்பத்தான் கொட்ட ஆரம்பிச்ச தலைன்னா மருந்து கொஞ்சம் கேக்கும். இது இருபத்திரண்டு வருஷமாச்சு. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன வீடு. எண்ணெய ஊத்தினா யாரு வந்து கதவத் திறப்பா? பின்னந்தலையில இருக்கறத எடுத்து முன்னால நடலாம். இருக்கற அளவுக்குத்தான் நட முடியும். இருபது வயசுத் தலை கேக்காதீங்க.”

நட்டார்கள். ஒரு பகல் முழுக்க, ஒவ்வொரு வேராக எடுத்து ஒவ்வொரு வேராக நட்டார்கள். பத்து நாள் தலையில் கைபடக் கூடாது, தண்ணீர்கூட அவர்கள் சொன்ன விதத்தில்தான் பட வேண்டும் என்று எச்சரித்தார்கள். நானும் பூப்போலக் காத்தேன். நாலாம் நாள் பெருநாள் வந்தது.

தாய்மார்கள் இப்போதே வாயைப் பொத்துகிறீர்களே, புரிந்துவிட்டதா?

மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனோம். இனிப்பு வந்தது. கொலோன் வந்தது. நீட்டிய கையில் தாராளமாக ஊற்றினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வழக்கம் என்ன? நம் வழுக்கையர் எல்லாருக்கும் என்ன வழக்கம்? கையில் தேய்ப்போம், முகத்தில் ஒற்றுவோம், மிச்சத்தை மண்டையில் பளீரென்று அடிப்போம். அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். அடித்த பிறகுதான் நினைவு வந்தது. பச்சைப் புண்ணில் கொலோன் பட்ட எரிச்சலில் நான் போட்ட கூச்சலுக்கு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். நெர்மின் மட்டும் பதறவில்லை. “நட்டது பத்தாதுன்னு தண்ணியும் ஊத்தினியா?” என்றாள்.

இடது பக்கம் ஒரு கைப்பிடி அளவு போயே போய்விட்டது. மூன்றாம் வாரம் மிச்சமிருந்ததும் தலையணையில் உதிர்ந்தது. எல்லாம் தொலைந்தது என்று மருத்துவரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். நட்ட முடி ஒருமுறை கொட்டிவிட்டுத்தான் முளைக்குமாம், வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம், நான்காம் மாதம் தலைகாட்டுமாம், நிறைந்து வர ஓராண்டு ஆகுமாம். நான்காம் மாதம் என்றால் செப்டம்பர். கல்யாணத்துக்கும் முடிக்கும் ஓட்டப்பந்தயம். தினம் காலையில் கண்ணாடி முன் நின்று, கடன்காரனைத் தேடுவதுபோல் ஒரு முடியைத் தேடினேன்.

அந்த நாளும் வந்தது. அதே கடை, அதே நாற்காலி, வாசலில் மேளம். தொல்கா முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருக்கிறான். என் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோழிக்குஞ்சுக்கு முளைத்த மாதிரி கொஞ்சம். இடது பக்கம் அதுவும் இல்லை. கதவு திறந்தது. காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு, அந்த வெயிலில், அண்ணன் நின்றார்.

மேளம் தானாக நின்றுவிட்டது. அவர் என் தலையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னார்: “பரவால்லையே. முளைச்சிருக்கே.”

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தோழர்களே, பின்னந்தலையில் ஒரு வளையம் தவிர உள்ளே ஒரு முடி இல்லை. உச்சி முழுத் தர்பூசணி.

“உனக்கு அஞ்சு வருஷம்னு சொன்னேன். எனக்கு நாலே வருஷம்தான்டா ஆச்சு,” என்றார். “நீ பாத்துச் சிரிப்பியேன்னுதான் இத்தனை வருஷமா வரல.”

நான் சிரிக்கவில்லை. அழுதேன். இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மேளக்காரர் தோளில் சாய்ந்து அழுதேன். இரண்டு மடையர்கள், ஒரே அப்பனின் மண்டை, இருபத்தேழு ஆண்டுகள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தியை எடுத்தார். “இடது கன்னத்தை மழிக்காமயே விட்டுட்டுப் போனேன். உட்காரு.”

உட்கார்ந்தேன். மழித்தார். ஒரு கீறல் விழவில்லை. பக்கத்து நாற்காலியில் நுரை காய்ந்துபோன தொல்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, கல்யாணம் எனக்கு” என்றான்.

ஆகவே, அவையோரே, முடி முளைக்குமா? எண்ணெயில் முளைக்காது, என் பொய்யில் முளைக்காது. நல்ல மருத்துவர் கையில், பின்னந்தலையில் சரக்கு இருந்தால், ஓராண்டு பொறுமை இருந்தால், முளைக்கும். இதோ முளைத்திருக்கிறது. முளைக்காவிட்டாலும், எவனுக்கு அஞ்சித் தொப்பி போடுகிறீர்களோ, அவனும் எங்கோ ஒரு தொப்பிக்குள் ஒளிந்திருக்கக்கூடும். ஒரு போன் போட்டுப் பாருங்கள். அதற்காக இருபத்தேழு ஆண்டு காத்திருக்காதீர்கள்.

என் தலையைப் பார்த்து ஆசைப்பட்டு அண்ணனும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து நட்டுக்கொண்டார். இன்றோடு நாலாம் நாள். அதோ பத்தாவது வரிசையில், நெற்றியில் கறுப்புப் பட்டையோடு…

தங்கையே, நில்லம்மா. ஊற்றிவிட்டாயா?

அண்ணே, கைய இறக்கு. மோந்து பாரு, மூஞ்சில வேணா ஒத்திக்கோ. தலைக்குக் கொண்டு போகாத. இருபுறமும் இருக்கும் நண்பர்களே, அந்த இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே கூட்டிப் போகிறீர்களா? வேண்டாம், வேண்டாம். அவரை வெளியே போகச் சொல்லி ஒருமுறை பட்டது போதும். அங்கேயே உக்காரு அண்ணே, பேச்சு முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்குப் போலாம்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட பின்வரிசைச் சொந்தங்களுக்கும், என் அண்ணன் கையைப் பிடித்திருக்கும் அந்த இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நான் இறங்கி வரும்வரை அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். வணக்கம்.