நிருதி லிங்கம்னா நாலாவது ஆள்

"போன மேட்ச்ல நீ நிருதி லிங்கம்னு கத்தினதும், எனக்கு முன்னாடியே அந்த மெட்ராஸ் டீம்காரன் எகிறிட்டான்டா!"

திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸ் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. பேச்சு ரக்பி ஆட்டத்தைப் பற்றி. பந்து கோட்டைத் தாண்டிப் போனால், இரண்டு அணியும் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நிற்குமாம். குட்டையன் வெளியிலிருந்து பந்தை வீசுவான். நெட்டையன் நாலாவதாக நின்று எகிறிப் பிடிப்பான். எத்தனையாவது ஆளுக்கு வீசப்போகிறான் என்பதைக் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களை வைத்துக் கத்துவானாம்.

"நாலாவது லிங்கம் நிருதி, நாலாவது ஆள் நீ. மெட்ராஸ்காரனுக்கு இது எப்பிடிடா தெரியும்?"

"அவன் மெட்ராஸ் இல்லடா. நம்ம கிரிவலப் பாதையில இருக்கற அடி அண்ணாமலையாம்!"

"அய்யய்யோ! நாளைக்கு ஃபைனல்லயும் அவங்க பந்தைப் புடிச்சுட்டா, என்னை டீம்லேர்ந்தே தூக்கிடுவாங்கடா."

குட்டையன் எட்டு லிங்கங்களையும் விரல்விட்டு எண்ணினான். திடீரென்று சீட்டைவிட்டு எழுந்தே விட்டான்.

"கடைசிலேர்ந்து எண்ணிக்கலாம்டா! ஈசானியம் ஒண்ணு, குபேரன் ரெண்டு, வாயு மூணு, வருணன் நாலு. வருணன்னு கத்தறேன், நீ எகிறு. அவன் கணக்குல வருணன் அஞ்சாவது லிங்கம், அஞ்சாவது ஆளையே பாத்துட்டு நிப்பான்."

"கண்டுபுடிச்சுட்டான்னா?"

"மாட்டான்டா. நம்ம ஊர்ல பொறந்தவன் எவனாவது மலையை எதிர்ப்பக்கமா சுத்துவானா? அவனுக்குத் தோணவே தோணாது."

நெட்டையன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்து, சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சரி, கத்து."