நாற்பத்தொரு பேர்

தமிழ்நாட்டில் இன்றுவரை ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்காத ஒரே ஆள் இசக்கிமுருகன், அதாவது நான். அடக்கம் கருதித்தான் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், சார்.

காலேஜ் முடித்த கையோடு, கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கச் சேர்ந்தேன். அதுவரை அங்கே ஆட்கள் பட்டியல் என்பது சுதாராணி அக்காவின் நாற்பது பக்க நோட்டு. கார்பன் வைத்து எழுதுவார். "அக்கா, பேசாம கல்லுல வெட்டிருங்களேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அக்கா எழுதவில்லை.

தீ விபத்து என்றால் கேட்டில் நின்று பெயர் வாசிக்கப் பட்டியல் வேண்டும். அதற்காகக் கேட் அறையில் ஒரு நெட்வொர்க் டிரைவை வைத்து, முதல் பிரதியைக் கையால் ஏற்றினேன். நாற்பத்தொரு பேர். இனி தினமும் மாலை ஏழு மணிக்குத் தானாகப் பிரதியாகும் என்று முதலாளி தங்கசாமி அண்ணாச்சியிடம் சொன்னேன். அன்றைக்கே 'தோல்வி' என்று சிவப்பில் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். இரண்டு வாரம் போனது.

அக்காதான் சொன்னார். "ஏலே, ஆறு மணிக்கு வாட்ச்மேன் மெயினை அணைச்சிருதாரு. தீக்குச்சி மருந்து இருக்க இடம்லா. அப்புறம் ஒன் டிரைவுக்குக் கரண்டு ஏது?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுக்கா."

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் உண்டு. தினமும் ஏழு மணிக்கு அது, செத்துக்கிடந்த டிரைவைத் தேடியிருக்கிறது. ஏழு மணியை நாலு மணியாக்கினால் போதும், ஒரு நிமிட வேலை. ஆனால் அக்கா சொன்னது சரி என்றாகிவிடும். ஆகவே, என்ன நடந்தாலும் பச்சை டிக் வரும்படி எழுதி வைத்தேன். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. நான் வேலைக்கு அஞ்சுகிறவன் இல்லை.

தீப்பிடித்தது மதியம் மூன்றரைக்கு. ஆபீஸ் அறையும் எரிந்தது. டிரைவை லேப்டாப்பில் திறந்து வாசித்தேன். நாற்பத்தொரு பேரும் கை தூக்கினார்கள். குளத்தூரிலிருந்து வந்து ஒரு வாரம் முன்பு சேர்ந்த செல்வமாரி பெயர் அதில் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை ஏற்றியவன் நான்தான்.

"இவ்வளவு பேர்தானா தம்பி?" என்றார் தீயணைப்புக்காரர்.

"கடைசி பேக்கப் இதுதான் சார்."

அது பொய் இல்லை.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, புதுப்பிள்ளை பேரை வாசிச்சியா? இந்த இரைச்சல்ல எனக்குக் கேக்கலியே."

"லிஸ்ட்ல உள்ள எல்லாரும் வந்தாச்சுக்கா."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போகக் கிளம்பியவர்களும் நின்றுவிட்டார்கள்.

டப்பி அடுக்கும் அறை எரியவில்லை, புகைதான். கதவின் உட்பக்கம் கைத்தடம் இருந்ததை நீங்கள்தான் சொன்னீர்கள், சார். ஃபைல் தொலையவில்லை. அது இப்போதும் டிரைவில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் ஏட்டையாவிடம் கார்பன் தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்பத்திரண்டு பேரையும் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நேரே டிக் போட்டாயிற்று.