திரையில் இருநூறு, தளத்தில் நூற்றைம்பது

அவையை வழிநடத்தும் தலைவர் அவர்களே! கட்டி நிறுத்திய கட்டடங்களால் பேசும் மூத்த பொறியாளர்களே! பிள்ளைகளை வேலைத்தளத்துக்கு அனுப்பிவிட்டு வாசல் பார்த்திருக்கும் தாய்மார்களே! திரைமுன் அமர்ந்து கண் சிவக்கும் இளையோரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வெற்றிக் கதை சொல்ல அழைத்தீர்கள். மன்னியுங்கள், என்னிடம் இருப்பது ஒரு சாவின் கதை.

கணினியில் கட்டடத்தை எப்படி எழுப்புகிறோம்? உத்தரம் என்றால் ஒரு கோடு. தளம் என்றால் ஒரு பரப்பு. கோட்டுக்கு அகலம் உண்டா? பரப்புக்குக் கனம் உண்டா? இல்லை! நாம் கொடுத்தால்தான் உண்டு.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தை வடிவமைத்தேன். இரண்டாம் மாடியில் சுவரைத் தாண்டி நீளும் பால்கனி. அதன் தளத்துக்குக் கணினி மாடலில் இருநூறு மில்லிமீட்டர் கனம் கொடுத்தேன். பிறகு, அழகுக்காக அதை நூற்றைம்பதாக்கச் சொன்னார்கள். வரைபடம் மெலிந்தது, மாடல் மெலியவில்லை.

வரைபடம் வரையும் பெண் என் மேசைக்கு வந்தாள். "சார், டிராயிங்ல நூத்தம்பது, மாடல்ல இன்னும் இருநூறே இருக்கு. மாத்திட்டு கணக்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?"

"அம்பது மில்லிதானேம்மா, தாங்கும். நீ அனுப்பு."

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், மென்பொருள் எச்சரிக்கவில்லையா என்று. எப்படி எச்சரிக்கும் ஐயா? இருநூறு என்றேன், இருநூற்றுக்குக் கணக்குப் போட்டது, இருநூற்றுக்குக் கம்பி சொன்னது, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. பொய் சொன்னது அது அல்ல, நான்!

கான்கிரீட்டைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றிய அன்று முற்பகலில் பால்கனி முறிந்து விழுந்தது. அடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் எழவே இல்லை. இருபத்தொன்பது வயது.

ஒன்பதாம் நாள் அவனுடைய அக்கா அலுவலகம் வந்தார். அழவில்லை, ஏசவில்லை. "என் தம்பி மேல விழுந்தது எது? காட்டுங்க" என்றார். திரையில் மாடலைக் கனம் தெரியும்படி திருப்பிக் காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா தடியாத்தானே இருக்கு?"

"இங்க மட்டும்தாம்மா இருக்கு."

"அப்ப, தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

அதற்கு விசாரணையில்தான் பதில் சொன்னேன்: ஆம், தெரிந்தேதான். வரைபடங்களில் பொறியாளராகக் கையெழுத்திடும் உரிமை போனது, போக வேண்டியதுதான். ஆனால் அந்த வரைபடப் பெண்? விசாரணை அறை வாசலில் விம்மினாள்: "நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும் சார்." குற்றம் என்னுடையது, குமுறல் அவளுடையது! வேலையை விட்டாள். இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

வேண்டாம், இதற்குக் கைதட்டாதீர்கள்.

இளையோரே! யாராவது சந்தேகம் என்று வந்து நின்றால் எழுந்து போங்கள்! உத்தரம் உத்தரமாகத் திறந்து பாருங்கள்! தளம் தளமாகத் திறந்து பாருங்கள்! தாளில் உள்ள கனம்தான் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள்! நீங்கள் பார்க்காததைப் பாரம் பார்த்துவிடும்!

உரிமை இழந்தவனையும் மேடையேற்றிய தலைவருக்கு நன்றி. முன்வரிசையில் அந்த அக்கா அமர்ந்திருக்கிறார். என்னை மன்னித்து வரவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார்.

சொல்லிவிட்டேன் அம்மா. வணக்கம்.