மூன்றுக்கு மேல் சொல்லக்கூடாது

மைக்கைத் தட்டிப் பார்ப்பவனுக்குப் பேசத் தெரியாது. கூட்டம் நிமிர்ந்து உட்காரும் முதல் அரை நிமிடத்தை அவன் “ஹலோ, ஹலோ” என்றே கரைத்துவிடுவான். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். ஆற அமர எழுதுகிறேன். என் பெயர் யுகேந்திரன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரி. ஆண்டுக்கு ஒருமுறை துரைமார் முன்னால் பிரசண்டேஷன் கொடுப்பதும் என் வேலை. அவற்றில் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. நான் பேசப் பேச அவர்கள் கைப்பேசியை நோண்டுவார்கள். ஒருமுறை ஒருவர் குறட்டையே விட்டார். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு நானாகவே படித்துக் கற்றுக்கொண்டேன். எண்ணில் தொடங்காதே, ஒரு முகத்தில் தொடங்கு. ஸ்லைடில் எழுத்தைக் குறை. மூன்று விஷயங்களுக்கு மேல் சொல்லாதே. நான்காவதைச் சொன்னால் முதல் மூன்றும் மறந்துபோகும். இந்தக் கடைசி விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடப் பேச்சு மேல் லயத்தைப் பற்றியது. மலைச்சரிவுக்கு அடியில் பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள். காலி செய்வதா, பழுது பார்த்துக் கொடுப்பதா என்று நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். பழுது பார்க்கலாம் என்பதே துரைமாரின் மனதில் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த முகம் லோகேஸ்வரியுடையது. கொழுந்து பறிப்பவர், மூன்றாம் வீட்டுக்காரர். மஞ்சள் புடவையில் வாசலில் நின்று வாய்கொள்ளாமல் சிரிக்கும் படம்.

அவருடைய கணவர் காளியப்பன் எங்கள் கங்காணி. வீடுகளுக்கு மேலே சரிவில் வெடிப்பு ஒன்று விட்டிருந்தது. அவர் அதன் இரு பக்கமும் குச்சி நட்டு, வாராவாரம் இடைவெளியைக் கையால் அளந்து, நாள்காட்டித் தாளில் எழுதி என் மேசையில் வைப்பார். இரண்டு விரல். நான்கு விரல். ஒரு சாண்.

“சார், இத மேலே சொல்லிருங்க லா. மழை வேற விடமாட்டேங்குது,” என்றார்.

சொல்லத்தான் நினைத்தேன். அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் படமெடுத்து ஒரு ஸ்லைடுகூடச் செய்தேன். ஆனால் தோட்டத்தின் பழமை, தொழிலாளரின் பற்று, நிர்வாகத்தின் நற்பெயர் என்று மூன்று ஏற்கெனவே ஆகிவிட்டன. வெடிப்பு நான்காவது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அது வந்தால் பேச்சின் சுருதியே கெட்டுவிடும். நீக்கிவிட்டேன். காளியப்பனிடம், “சொல்லியாச்சு, அவுங்க பாத்துக்குவாங்க,” என்றேன்.

பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பேசினேன். படத்தைக் காட்டிவிட்டு லோகேஸ்வரியையே மேடைக்கு அழைத்தேன். “நான் பொறந்த வீடு சார். இத வுட்டுட்டு எங்க போவேன்? ஆனா மேலே மட்டும் கொஞ்சம்...” என்று அவர் தொடர்ந்தபோது நான் கைதட்டத் தொடங்கினேன். மண்டபமே தட்டியது. ஒரு துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் கையிலும் கைப்பேசி இல்லை. பழுது பார்ப்பதென்று முடிவாயிற்று.

இரண்டு வாரம் கழித்து, சுவரொட்டிக்காக லோகேஸ்வரியைப் படம்பிடிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். அதே வாசல், அதே புடவை. அன்று வேலைக்குப் போகவேண்டாம் என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

அன்று காலை ஏழு மணிக்குக் காளியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “ரெண்டு குச்சியும் உள்ள போயிருச்சு சார். எல்லாரையும் எறக்கிரலாம்.”

படம்பிடிப்பவர்கள் வழியில் திரிங்காப் ஊரைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் செய்தி வந்திருந்தது. “லயத்த நான் பாத்துக்கிறேன். நீங்க போயி மலையில கொழுந்தெடுக்கிறவங்களத் திருப்புங்க,” என்று அவரை அனுப்பினேன். அவர் மறுபேச்சில்லாமல் போனார். பதினாறு வருடப் பழக்கம்.

லோகேஸ்வரிக்கு போன் செய்தேன். இறங்கச் சொல்வதற்காக அல்ல. “புடவை கட்டியாச்சா? வாசல்லயே இருங்க,” என்றேன். “சரிங்க சார்,” என்றார். ஒரு படம், பத்து நிமிடம், அதன்பிறகு எல்லாரையும் இறக்கலாம் என்பது என் கணக்கு. எட்டே காலுக்கு மலை இறங்கியது. லோகேஸ்வரி போனார். பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த சின்னையாவும் போனார். மற்ற வீட்டுக்காரர்கள் அதற்குள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பியிருந்தார்கள்.

மதியம்வரை காளியப்பன், மலையிலிருந்து திரும்பிக் கீழே கோயிலில் ஒதுங்கியிருந்த சனங்களுக்கு நடுவே மனைவியைத் தேடினார். நான் இறக்கியிருப்பேன் என்று நம்பினார். என்னைக் கண்டதும், “எந்தப் பக்கம் சார் உக்கார வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

வெடிப்பு எனக்குத் தெரியும். அதை மறைத்தவன் நான். லோகேஸ்வரியை வாசலில் நிற்க வைத்தவனும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

திருப்பிப் படிக்கும்போது ஒரு குறை தெரிகிறது, சார். நிறைய எழுதிவிட்டேன். நீதிமன்றத்தில் பேசவிட்டால் மூன்று விஷயங்களோடு நிறுத்திக்கொள்வேன். அந்த மஞ்சள் புடவைப் படத்தில் தொடங்க மட்டும் அனுமதி வாங்கித் தாருங்கள். அதைப் பார்த்த ஒருவரும் இன்றுவரை மறக்கவில்லை.